பாலுக்கு ஒவ்வாத குழந்தையும் பாலூட்டும் தாயும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் கைக்குழந்தையின் மலத்தில் ஓரிரு இரத்தக் கீற்றுகள் தென்பட்டாலோ, கன்னத்தில் கரப்பான் படர்ந்தாலோ, குடித்த பாலைக் கக்கிவிட்டுக் குழந்தை வீறிட்டு அழுதாலோ, வீட்டில் முதலில் எழும் சந்தேகம் தாயின் பால் மீதானதாகவே இருக்கின்றது. "தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை, மாப்பாலைக் கொடுத்துப் பாருங்கள்" என்ற ஆலோசனை அயலவரிடமிருந்தும் உறவினரிடமிருந்தும் தயக்கமின்றி வந்துசேர்கின்றது. அதனை ஏற்றுத் தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாப் பேணியைத் திறக்கும் குடும்பம், குழந்தையைத் துன்புறுத்தும் அதே பொருளைப் பன்மடங்கு அளவில் ஊட்டத் தொடங்குகின்றது என்பதைப் பலரும் அறிவதில்லை.

ஏனெனில் கைக்குழந்தைகளுக்கு ஏற்படும் பால் ஒவ்வாமை என்பது பசுப்பாலிலுள்ள புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பாகும். கடைகளில் விற்கப்படும் சாதாரண குழந்தைப் பால்மா வகைகள் பசுப்பாலிலிருந்தே தயாரிக்கப்படுகின்றன. ஆகவே, ஒவ்வாமை உண்மையாகவே இருக்குமாயின் நிறுத்தப்பட வேண்டியது தாயின் தேநீர்க் கோப்பையிலுள்ள பசுப்பால். தாயின் மார்பிலுள்ள பால் தொடரப்பட வேண்டும். இந்த எளிய உண்மை எமது மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டையும் சென்றடைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒவ்வாமை என்பது யாது?

நோய்க் கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கும் நோயெதிர்ப்புத் தொகுதி, தீங்கற்ற ஓர் உணவுப் பொருளைப் பகையெனக் கருதித் தாக்க முற்படுவதே உணவு ஒவ்வாமையாகும். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டுக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே அறிமுகப்படுத்தினார். பசுப்பாலில் கேசின் எனப்படும் புரத வகையும், பால் திரைந்தபின் எஞ்சும் நீரிலுள்ள மோர்ப்புரத வகையும் இருக்கின்றன. மோர்ப்புரதங்களுள் முக்கியமான பீற்றா லக்டோகுளோபியூலின் பெண்ணின் உடலில் உற்பத்தியாவதில்லை. எனினும் தாய் பசுப்பால் அருந்தும்போது அதன் நுண்ணிய துணுக்குகள் குருதியில் கலந்து தாய்ப்பாலிலும் வந்துசேரக்கூடும். அந்த அளவு ஒரு கிராமின் கோடிக்கணக்கான பங்குகளில் சில மட்டுமே. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. மிகச் சில குழந்தைகளின் குடல் மாத்திரம் அந்தச் சிற்றளவுக்கும் எதிர்ப்புக் காட்டுகின்றது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை அகற்ற வேண்டும். பாலிலுள்ள லக்டோஸ் என்னும் சீனியைச் செரிக்க முடியாத நிலையும் பால் ஒவ்வாமையும் வெவ்வேறானவை. முன்னையது சீனி சார்ந்த செரிமானக் குறைபாடு. பின்னையது புரதம் சார்ந்த நோயெதிர்ப்பு விளைவு. தாய்ப்பாலில் லக்டோஸ் நிறைந்தே இருக்கின்றது. அதனைச் செரிக்கும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக மிக அரிதானவர்கள். வயிற்றோட்டத்தின் பின்னர் சில நாட்களுக்கு அந்த ஆற்றல் குன்றி மீண்டும் திரும்புவதுண்டு. ஆதலால் 'லக்டோஸ் அற்றது' என அட்டையில் அச்சிடப்பட்ட பால்மாவை ஒவ்வாமைக்கு மருந்தாகக் கருதி வாங்குவது பணத்தை வீணாக்குவதோடு ஆபத்தானதுமாகும். அதில் சீனி அகற்றப்பட்டிருக்குமே தவிர, பசுப்பாற் புரதம் அப்படியே இருக்கும்.

எத்தனை குழந்தைகளுக்கு வருகின்றது?

டென்மார்க் நாட்டின் ஒடென்ஸ நகரில் 1985ஆம் ஆண்டில் பிறந்த 1,749 குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அவர்களுள் 39 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்குப் பசுப்பால் ஒவ்வாமை இருந்தது. தாய்ப்பால் மாத்திரம் குடித்துவந்த நிலையில் ஒவ்வாமைக்கு உள்ளானோர் 9 பேரே. இது ஆயிரத்துக்கு ஐவர் என்ற அளவாகும். இன்னொரு விடயம் அதனிலும் கவனத்துக்குரியது. அந்த 9 குழந்தைகளுக்கும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் வைத்தியசாலையின் சிசுப் பராமரிப்பு அறையில் பசுப்பால் மா ஊட்டப்பட்டிருந்தமை பின்னர் பதிவேடுகளிலிருந்து தெரியவந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை எனக் கருதி முதல் நாட்களில் புகட்டப்படும் ஒரு போத்தல் மாப்பால் அற்பமானதன்று என்பதற்கு இதனைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

இரு வகை அறிகுறிகள்

பால் ஒவ்வாமை இரு வடிவங்களில் வெளிப்படுகின்றது. முதலாவது உடனடி வகை. பசுப்பாலோ பால் கலந்த உணவோ குழந்தையின் வாயில் பட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் உடலில் தடிப்புகள் எழும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி ஏற்படும். கடுமையான நிலையில் மூச்சுத்திணறலும், இழுப்பும், உடல் வெளிறித் துவண்டு போதலும் காணப்படும். இது உயிராபத்தான நிலை. நேரம் கடத்தாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையை நாட வேண்டும், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டு செல்ல வேண்டும். இந்நிலைக்குரிய முதல் மருந்து அட்ரினலின் ஊசியாகும். வீட்டிலுள்ள பாணி மருந்தைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது தகாது.

இரண்டாவது தாமத வகை. தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைகளிடம் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. பல மணித்தியாலங்கள் தொடங்கிச் சில நாட்கள் வரை கழித்து அறிகுறிகள் தோன்றும். மலத்தில் சளியும் இரத்தக் கீற்றுகளும் காணப்படுதல், இடைவிடாத வாந்தி, ஆறாத கரப்பான், எடை ஏறாமை என்பன அவற்றுட் சில. மலத்தில் இரத்தக் கீற்றைக் கண்டு தாய் பதறுவது இயல்பே. ஆயினும் நன்கு பால் குடித்து, எடை கூடி, முகமலர்ச்சியுடன் இருக்கும் குழந்தையிடம் காணப்படும் சிறு கீற்றுகள் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தற்றவை. சில குழந்தைகளிடம் உணவு மாற்றம் எதுவுமின்றியே அவை மறைந்துவிடுகின்றன.

எனினும் இரத்தத்தைக் கண்டவுடன் ஒவ்வாமை என வீட்டிலேயே முடிவு கட்டலாகாது. மலவாயில் ஏற்படும் வெடிப்பு, குடற்றொற்று, குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் அவசர நிலை, உயிர்ச்சத்து 'கே' குறைபாடு ஆகியனவும் இரத்தத்தை வெளிப்படுத்தக்கூடியவை. வயிறு உப்பி, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்து, சோர்ந்து கிடக்கும் குழந்தையைத் தாமதமின்றி வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும்.

அழுகை எல்லாம் ஒவ்வாமை ஆகாது

ஒவ்வாமையை அறியாதிருத்தல் ஒரு தவறெனின், இல்லாத ஒவ்வாமையை இருப்பதாகக் கொள்வது மற்றொரு தவறு. பிறந்த குழந்தை மாலை வேளைகளில் காரணமின்றி அழுவதும், அவ்வழுகை ஆறாவது வாரமளவில் உச்சமடைந்து மூன்று நான்கு மாதங்களில் தணிவதும் உலகெங்கும் காணப்படும் வளர்ச்சி நிலையாகும். குடித்த பாலில் சிறிது கக்குவதும், மலம் பச்சையாகவோ இளகலாகவோ போவதும் தனித்து நோயாகா.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்குச் சான்று. அந்நாட்டில் பசுப்பால் ஒவ்வாமைக்கெனச் சிபாரிசு செய்யப்பட்ட விசேட பால்மாவுக்கான மருந்துச் சீட்டுகள் 2006ஆம் ஆண்டில் ஏறத்தாழ 105,000 ஆக இருந்து, 2016ஆம் ஆண்டில் 600,000க்கும் அதிகமாகின. அரசின் செலவு 81 இலட்சம் பவுணிலிருந்து 6 கோடி பவுணைத் தாண்டியது. குழந்தைகளிடையே ஒவ்வாமை அந்த வேகத்தில் பெருகியதற்குச் சான்றில்லை என்றும், வைத்தியர்களுக்கான வழிகாட்டிகளைத் தயாரித்தோர் பலருக்குப் பால்மா நிறுவனங்களுடன் தொடர்பு இருந்ததென்றும் 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை சுட்டிக்காட்டியது. இயல்பான அழுகைக்கும் கக்கலுக்கும் நோய்ப் பெயர் சூட்டினால் தாய் தன் பாலின் மீது நம்பிக்கை இழக்கின்றாள், அந்நம்பிக்கையீனம் வணிகமாகின்றது. இலங்கைத் தாய்மாரும் இந்த அலைக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர்.

தாய் செய்ய வேண்டியது

தாமத வகை ஒவ்வாமையை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் குருதிச் சோதனையும் உடனடி வகைக்கே பயன்படுகின்றன. கொழும்பு, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு இத்துறையில் பணியாற்றி வருகின்றது. தாமத வகைக்கான சோதனைச்சாலை தாயின் சமையலறையேயாகும். அச்சோதனை வைத்தியரின் மேற்பார்வையில் மூன்று படிகளாக நடைபெற வேண்டும்.

முதற்படியில், தாய் தன் உணவிலிருந்து பசுப்பாலையும் பாலுற்பத்திகளையும் இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களுக்கு முற்றாக விலக்க வேண்டும். தாய்ப்பாலூட்டல் வழமைபோல் தொடர வேண்டும். இரண்டாம் படியில், அறிகுறிகள் தணிந்தனவா என்று பார்க்க வேண்டும். தணியவில்லையெனின் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால் பத்தியத்தைக் கைவிட்டு வைத்தியரை மீண்டும் நாட வேண்டும். தணிந்திருந்தால் மூன்றாம் படியாகத் தாய் ஒரு வார காலம் பாலை மீண்டும் அருந்திப் பார்க்க வேண்டும். அறிகுறிகள் திரும்பி வந்தால் மாத்திரமே ஒவ்வாமை உறுதியாகின்றது. இந்த மூன்றாம் படியையே பலரும் தவிர்த்துவிடுகின்றனர். அதன் விளைவாகத் தேவையற்ற பத்தியத்தை மாதக்கணக்கில் அனுட்டித்துத் தாய் மெலிகின்றாள்.

உடனடி வகை ஒவ்வாமையுள்ள குழந்தையின் விடயம் சற்று வேறானது. குழந்தை தாய்ப்பால் அருந்துகையில் எவ்வித அறிகுறியும் இன்றி நலமாக இருக்குமாயின், தாய் பாலை விலக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. குழந்தைக்கு நேரடியாகப் பால் உணவு கொடுக்காதிருத்தலே போதுமானது. அக்குழந்தையிடம் பாலை வீட்டில் கொடுத்துப் பரீட்சிப்பது ஆபத்தாகும். அச்சோதனை வைத்தியசாலையிலேயே நடைபெற வேண்டும்.

எமது உணவில் பால் எங்கே இருக்கின்றது?

பத்தியம் தொடங்கும் தாய் முதலில் பால் தேநீரை விடுத்து வெறுந்தேநீருக்கு மாற வேண்டும். அடுத்தது தயிர். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளின் எருமைத் தயிர் சட்டிகள் மாவட்டத்தின் பெருமை. ஆயினும் எருமைப் பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் நெருங்கிய உறவுடையவை என்பதால் இக்காலத்தில் அதுவும் விலக்கப்பட வேண்டும். யோகட், பட்டர், சீஸ், நெய், ஐஸ்கிறீம், பால் சேர்த்த மோல்ற் பானங்கள், பால் சொக்கலேற், பலூடா என்பனவும் அவ்வாறே. தயிரில் ஊறவைத்த கோழியும் நெய் ஊற்றிய புரியாணியும், பசுப்பாலிற் பொங்கிய பொங்கலும் விருந்துகளில் மறைந்திருக்கும் பால் உணவுகளாகும். பிஸ்கட், பணிஸ், மாஜரின் ஆகியவற்றின் அட்டைகளில் மில்க் சொலிட்ஸ், வே பவுடர், கேசினேற் என எழுதப்பட்டிருந்தால் அவை பசுப்பாலையே குறிக்கின்றன.

யாவரும் கவனிக்காது விடும் ஒன்று திரிபோஷாவாகும். 1970களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு இலவசமாக வழங்கிவரும் இச்சத்துமாவின் கலவையில் சோளம், சோயா ஆகியவற்றுடன் பால்மாவும் இடம்பெறுகின்றது. பால் விலக்கிய தாய் அதனைத் தொடர்ந்து உண்பாளாயின் சோதனையே பயனற்றுப் போகும். தாய் தன் நிலைமையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறினால் மாற்று உணவு பற்றிய ஆலோசனையைப் பெறலாம். குழந்தைக்கு உறுதியான ஒவ்வாமை இருந்தால், ஆறு மாதத்தின் பின்னர் அதற்குத் திரிபோஷா ஊட்டுவது குறித்தும் வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

இனி அஞ்ச வேண்டாதவற்றைக் கூறுவோம். தேங்காய்ப்பால் பெயரளவிலேயே பால். அதில் பசுப்பாற் புரதம் இல்லை. தேங்காய்ப்பாலிற் சமைத்த சொதி, நோன்புக் கஞ்சி, பாற்சோறு யாவும் தாய் உண்ணத் தக்கவையே. தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை கொண்டு செய்யப்படும் வட்டிலப்பமும் அவ்வாறே. சிலர் ரின்பால் சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டறிந்து உண்ணலாம். மகப்பேற்றின் பின் கொடுக்கப்படும் சரக்குக் கறியும், உள்ளியும், முருங்கைக்காயும், பால்சுறாப் புட்டும் விலக்கப்பட வேண்டியவை அல்ல. 'பால்சுறா' என்ற பெயரிலுள்ள பால், அம்மீன் தாய்ப்பாலைப் பெருக்கும் என்ற நம்பிக்கையால் வந்தது. ஒவ்வாமை என்றவுடன் மீன், முட்டை, இறைச்சி, கத்தரிக்காய், அன்னாசி என அனைத்தையும் ஒருங்கே விலக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. பாலூட்டும் பெண்ணை அது பட்டினியில் தள்ளும்.

பாலை விலக்கும் தாய்க்கு நாளொன்றுக்குத் தேவையான 1,000 மில்லிகிராம் கல்சியம் வேறு வழியிற் கிடைக்க வேண்டும். இதில் துறைமுக மாவட்டத்தின் மக்கள் பேறு பெற்றவர்கள். முள்ளோடு உண்ணும் நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களும் நெத்தலிக் கருவாடும் கல்சியம் நிறைந்தவை. 100 கிராம் குரக்கன் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கின்றது. எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, அகத்திக்கீரை ஆகியனவும் துணை நிற்கும். கிளினிக்கில் வழங்கப்படும் 'கல்சியம் லக்ரேற்' மாத்திரையின் பெயரைக் கேட்டு அதிலும் பால் இருப்பதாகச் சிலர் அஞ்சுவதுண்டு. அது லக்ரிக் அமிலத்தின் உப்பு, பசுப்பாற் புரதமன்று. தாராளமாக உட்கொள்ளலாம்.

பால்மா தவிர்க்க முடியாத நிலையில்

தாய் மரணித்தோ, கடும் நோயுற்றோ, வேறு காரணத்தாலோ பாலூட்ட முடியாத நிலையில் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு எதைக் கொடுப்பது? ஆட்டுப்பால் குளிர்ச்சியானது, குழந்தைக்கு ஏற்றது என்று மூத்தோர் சொல்வர். ஆனால் பசுப்பாலுக்கு ஒவ்வாத குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஆட்டுப்பாலுக்கும் ஒவ்வாதவர்களே. சோயாப் பால்மா ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதன் பின்னரும் ஒரு பகுதியினருக்கு அது ஒவ்வாது. அரிசிக் கஞ்சி நீரும் தேங்காய்ப்பாலும் சிசுவின் வளர்ச்சிக்குப் போதுமானவை அல்ல. புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கப்படும் விசேட பால்மாவும், கடுமையான நிலையில் அமினோ அமில அடிப்படையிலான பால்மாவுமே தகுந்தவை. இவை சாதாரண பால்மாவைவிடப் பன்மடங்கு விலை கூடியவை. மீன்பிடித் தொழிலாளியோ வயற்கூலியாளியோ மாதந்தோறும் வாங்கக்கூடியவை அல்ல. தாய்ப்பாலை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்று நாம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருமுறை வற்றிய பாலை மீட்பது இயலக்கூடியதே எனினும் அது கடினமான பணியாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்னர் 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளும், 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியுடன் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த அவலமும் எமது நினைவில் இருக்கின்றன. கொதிநீரும் விறகும் தூய போத்தலும் கிடைக்காத அகதி முகாமில் தாயின் மார்பே குழந்தைக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பான உணவு. மாவலியின் வெள்ளம் சூழும் ஒவ்வொரு மாரியிலும் இந்நிலை மீண்டும் நேரலாம்.

பிள்ளை வளரும்போது

பால் ஒவ்வாமை பெரும்பாலும் நிலையானதன்று. தாமத வகை பல குழந்தைகளிடம் ஓரிரு வயதுக்குள் மறைகின்றது. உடனடி வகை சற்று நீடித்தாலும் பெரும்பாலானோர் பள்ளி செல்லும் பருவத்துக்குள் விடுபடுகின்றனர். எனவே ஆறு மாதம் அளவில் பத்தியம் கடைப்பிடித்தபின், குழந்தை 9 முதல் 12 மாதங்களை எட்டும்போது வைத்தியரின் ஆலோசனையுடன் சிறிதளவு பால் சேர்த்து வேகவைத்த உணவிலிருந்து படிப்படியாகப் பரீட்சிக்க வேண்டும். ஆறு மாதத்தில் தொடங்கும் மேலுணவில் முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றைக் காரணமின்றித் தாமதப்படுத்தலாகாது.

தடுப்பூசி குறித்து ஒரு வார்த்தை. தடுப்பூசிக்குப் பின் ஒவ்வாமை விளைவுக்கு உள்ளான சில இலங்கைப் பிள்ளைகளின் குருதியில், மாட்டின் குருதியிலும் இறைச்சியிலும் பாலிலும் காணப்படும் சீரம் அல்புமின் என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்ததை இந்நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் சர்வதேச சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். இதனைக் காரணம் காட்டித் தடுப்பூசியை மறுப்பது பெருந்தவறு. சின்னமுத்து கொல்லும் நோய். செய்ய வேண்டியது ஒன்றே: ஊசி போடுவதற்கு முன்னர் பிள்ளைக்குப் பாலோ மாட்டிறைச்சியோ ஒவ்வாது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தேவையெனில் வைத்தியசாலையில், கண்காணிப்பின் கீழ் ஊசி ஏற்றப்படும். பிள்ளையின் ஆரோக்கிய வளர்ச்சிப் பதிவேட்டில் ஒவ்வாமை பற்றிய குறிப்பைத் தெளிவாக எழுதுவித்துக் கொள்ளுதல் நன்று.

குடும்பமும் சமயமும்

தாய்மார் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் குறிப்பிடுகின்றது. அதே வசனம் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகின்றது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரம், அதன்பின் மேலுணவுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என உலக சுகாதார நிறுவனம் கூறும் காலவரையறையுடன் இது பெரிதும் ஒத்திருக்கின்றது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் பாலூட்டும் தாய்க்கு றமழான் நோன்பில் சலுகை உண்டென்பதை மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பத்தியத்தில் இருக்கும் தாய் இதனை நினைவிற் கொள்ளலாம். இன்னொரு பெண் பாலூட்ட முன்வரும்போது இஸ்லாமியச் சட்டத்தில் பால்குடி உறவு ஏற்படுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. அப்பெண்ணும் பசுப்பால் அருந்துபவராயின் ஒவ்வாமைக்கு அது தீர்வாகாது என்பதை இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் இளந்தாயின் முடிவை உருவாக்குவோர் அம்மம்மாவும் உம்மும்மாவும் மாமியாருமே. அவர்களது அனுபவத்துக்கு உரிய மதிப்பளித்தவாறே, "உன் பாலில்தான் குறை" என்ற சொல்லை மாத்திரம் தவிர்க்குமாறு நாம் வேண்டுகின்றோம். பிள்ளையின் நோய்க்குத் தன் உடலே காரணம் என்று நம்பும் தாய் மனமுடைகின்றாள். மனமுடைந்தவளுக்குப் பால் இறங்குவதும் தடைப்படுகின்றது. வெறுந்தேநீர் குடிக்கும் மனைவியின் முன் பால் தேநீர் அருந்தாத கணவன் அந்த நான்கு வாரங்களில் மருந்துக்கு நிகரான உதவியைச் செய்கின்றான்.

பொறுப்பு யாருடையது?

தாய்ப்பாலூட்டலில் இலங்கை வெட்கப்பட வேண்டிய நாடன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரம் அருந்தினர். பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒழுக்கக் கோவை 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேற்றப்பட்டபோது, அதனைத் தேசிய அளவில் விரைந்து நடைமுறைப்படுத்திய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இந்தச் சாதனையைக் கட்டியெழுப்பியவர்கள் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களாவர்.

ஆகவே பால் ஒவ்வாமை பற்றிய அறிவும் முதலில் அவர்களிடமே சேர வேண்டும். மலத்தில் இரத்தம் எனத் தாய் கூறும்போது, எவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவது, எவருக்கு நான்கு வாரப் பத்தியத்தை அறிவுறுத்த வைத்தியரிடம் வழிகாட்டுவது, எவருக்கு ஆறுதல் மாத்திரம் கூறுவது என்று பிரித்தறியும் பயிற்சியைச் சுகாதாரத் திணைக்களம் வழங்க வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் தள வைத்தியசாலைகளிலும் பால் விலக்கு உணவு பற்றிய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் தெளிவான தமிழில் கிடைக்க வேண்டும். ஒவ்வாமைச் சோதனைக்காக ஏழைக் குடும்பம் 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குப் பயணிக்கும் நிலை மாற வேண்டும். விசேட பால்மா உண்மையாகவே தேவைப்படும் அந்தச் சில குழந்தைகளுக்கு, வைத்திய நிபுணரின் உறுதிப்பாட்டின் பேரில் அதனை அரச செலவில் வழங்குவது பெருஞ்சுமை ஆகாது. உணவுப் பொதிகளில் பால் அடங்கியிருப்பது மும்மொழிகளிலும் விளங்கும் எழுத்தில் அச்சிடப்பட வேண்டும்.

1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தைகளுக்கு ரின்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் புகட்டச் செய்யும் பிரசாரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டு உரையாற்றினார். அக்காலத்தில் விற்பனையாளர் தாயிடம் கூறியது, பேணிப் பால் சிறந்தது என்பதாகும். இன்று அதே பேணி, 'உங்கள் பால் குழந்தைக்கு ஒவ்வாது' என்ற புதிய வாசகத்துடன் வீட்டுக்குள் நுழையப் பார்க்கின்றது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உரிய கவனமும், இல்லாத குழந்தைக்கு உரிய பொறுமையும் கிடைக்க வேண்டும். இருவருக்கும் தாய்ப்பால் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இதனை உறுதிசெய்வது வீட்டாரினதும், வைத்தியர்களினதும், அரசினதும் கூட்டுப் பொறுப்பாகும் என்பதே எமது நிலைப்பாடு.